மரத்தடிய என்ன பண்றது? கடலூர், பாண்டி பக்கத்து வீட்டு மரங்கள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்துல தோட்ட வேலை எடுத்துச் செய்றதால போன்லயும் நேர்லயும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விங்கதான் வருது. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரே எடத்துல எழுதி வச்சிட்டா வசதின்னு எழுதுறேன். மரம் நடுறது எப்படின்னு இதுல இருக்காது, அது ஆயிரம் பேர் சொல்லிட்டாங்க. ஏற்கனவே வீட்டுல நிக்கிற மரத்தோட அடியில, சுத்தி இருக்கற தரையில என்ன பண்ணலாம் பண்ணக்கூடாதுங்கறது மட்டும்தான்.

அண்ணா, அமெரிக்கால இருக்கற மச்சான் வீட்டு போட்டோ அனுப்பியிருக்கேன், மரத்தச் சுத்தி வட்டமா செகப்பு கலர்ல மரத்தூள் மாதிரி கொட்டி அழகா இருக்கு. எங்க வீட்டு மாமரத்துக்கும் அதே மாதிரி பண்ணித் தருவீங்களா?

வட்டம் போடலாம், மூடாக்கும் (மண்ணு காயாம மரத்தடியில பரப்புற சருகு, தழை மாதிரி) போடலாம், அந்த செகப்புக் கலர மட்டும் விட்டுடுங்க. அது மரப்பட்டையும் மரச்சீவலும், சாயம் போட்டு மூட்டை கட்டி கடையில விக்கிறாங்க. அங்க மரம் அறுக்கற மில்லுங்க நெறைய, பட்டை மலை மாதிரி மிஞ்சுது, அத வீட்டுத் தோட்டத்துக்குத் தள்ளி விடுறாங்க. அத இங்க வரவழைச்சு காசு குடுத்து வாங்குறதுக்கு என்ன இருக்கு? நெல்லிக்குப்பத்துல கரும்புச் சோகை கெடைக்குது, பண்ருட்டில முந்திரிச் சருகு கெடைக்குது, கடலோரத்துல தென்னை உரிமட்டையும் சவுக்குச் சருகும் கெடைக்குது, சிதம்பரம் பக்கம் போனா வைக்கோலும் உமியும். எந்த ஊர்லயும் மூடாக்குங்கறது அந்த ஊர்த் தொழிலோட கழிவுதான், அமெரிக்காலயும் அதேதான்.

இன்னொண்ணு, அந்த போட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க. பட்டைத்தூள மரத்து மேல கூம்பு மாதிரி ஏத்திக் குவிச்சிருக்காங்கல்ல, அது தப்பு. அந்த ஊர் மரம் படிச்சவங்களே அத எரிமலைன்னு கிண்டல் பண்றாங்க. அடிமரம் தரையைத் தொடுற எடத்துல கொஞ்சம் அகலமாகி வேரா விரியும் பாருங்க, அந்த எடம் எப்பவும் காத்தாட வெளிய தெரியணும். அத மூடினா பட்டை ஈரத்துலயே ஊறி அழுகும். மூடாக்கு 2லேருந்து 4 அங்குலம் உயரம் போதும், அடிமரத்துலேருந்து ஒரு சாண் தள்ளி ஆரம்பிங்க, உள்ள குழிவா வெளிய மேடா இருக்கட்டும்.

அமெரிக்கான்னா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதானே பண்றாங்க?

இல்லவே இல்ல. தென்கிழக்குல ஜார்ஜியா, கரோலினா பக்கம் பைன் மரத்து ஊசி இலைய கட்டுக் கட்டா வாங்கி மரத்தடியில பரப்புறாங்க, நம்ம சவுக்குச் சருகு மாதிரியேதான் இருக்கும் பார்க்கறதுக்கு. அரிசோனா பாலைவனப் பக்கம் போனா புல்லே இல்லாம ஜல்லி கொட்டி நடுவுல ரெண்டு மரம், அங்க ஃபீனிக்ஸ் ஊர்ல வருஷத்துக்கே 200 மில்லிமீட்டர் மழைதான் சுமாரா, அதனால தண்ணி கேக்காத தோட்டம். கொலராடோல டென்வர் தண்ணி வாரியம் 1981ல இதுக்கு 'ஜெரிஸ்கேப்'னு பேரே வச்சு ஊர் ஊரா பரப்புனாங்க. கலிபோர்னியால இன்னும் வேடிக்கை, அங்க இருக்கற ஓக் மரத்துக்கு வெயில் காலத்துல தண்ணி ஊத்தினா அதுவே சாவு. அந்த ஊர்ல மழை குளிர்காலத்துல மட்டும்தான், கோடை முழுக்க காஞ்ச தரையிலயே இருந்து பழகின மரம், அதோட அடியில புல்லுத்தரை போட்டு தினமும் தண்ணி அடிச்சா வேர்ல பூஞ்சாணம் புடிச்சு செத்துப் போவும்.

கேரளாவ எடுத்துக்கங்க. அங்க ஜூன்ல தொடங்குற எடவப்பாதி மழைக்கு முன்னாடி தென்னைக்கு தடம் தொறப்பாங்க, மரத்தச் சுத்தி ஆறடிக்கு வட்டமா மண்ணு தோண்டி தழையப் போட்டு மழைத் தண்ணிய உள்ள வாங்குவாங்க, மழை ஓஞ்சப்புறம் மூடிடுவாங்க. அத யூடியூப்ல பாத்துட்டு இங்க ஜூன் மாசம் தொறந்து வச்சா வெயில்ல வேரு காயறதுதான் மிச்சம். நமக்கு வருஷத்துக்கு 1200, 1300 மில்லிமீட்டர் மழைன்னா அதுல பாதிக்கு மேல அக்டோபர்லேருந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீத்துடும். நம்ம காலண்டரே வேற. அதனால அடுத்த ஊர்க்காரங்க என்ன பண்றாங்கன்னு பாக்கறதவிட ஏன் பண்றாங்கன்னு பாருங்க, அந்தக் காரணம் நம்ம மண்ணுல இருந்தா செய்ங்க.

சரி, நம்ம பக்கம் மட்டும் எடுத்துக்கிட்டா எல்லாருக்கும் ஒரே முறைதானே?

அதான் இல்லீங்க. பாண்டி கடற்கரைலேருந்து ஆரோவில் ஏறுறதுக்கு பத்து கிலோமீட்டர் சுமாரா, அதுக்குள்ளயே மண்ணு மாறிடுது. மோட்டாவா மூணு வகை சொல்லலாம்: கடலோர மணல், மேட்டுச் செம்மண், ஆத்துப்படுகைக் களிமண். அப்புறம் டவுன் உள்ள இருக்கறவங்களுக்கு மண்ணே கெடையாது, சிமெண்டுதான், அவங்களுக்கு தனியா கீழ சொல்றேன்.

ஒரே தென்னையோ மாவோ, தரை மட்டும் மாறும். மணல்ல மரத்தடி பள்ளமா இருக்கணும், களிமண்ல மேடா இருக்கணும், செம்மண்ல சரிவுக்குக் குறுக்க வரப்பு இருக்கணும். இந்த மூணையும் ஒருத்தருக்கொருத்தர் மாத்திப் பண்றதாலதான் பாதி மரம் போவுது.

நாங்க தேவனாம்பட்டினம், எங்க வீட்டுல வெறும் கடல் மணல். எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் நிக்கல, என்ன பண்ணலாம்?

தண்ணிய கூட்டாதீங்க, தண்ணி நிக்கற எடத்த உண்டாக்குங்க. தென்னையா இருந்தா மரத்துலேருந்து அஞ்சாறு அடி தள்ளி வட்டமா ஒன்றரை அடி ஆழத்துல வாய்க்கால் மாதிரி எடுத்து, அதுல உரிமட்டைய குழிஞ்ச பக்கம் மேல பாக்கற மாதிரி அடுக்கி, மேல கொஞ்சம் மண்ணு, திரும்ப ஒரு அடுக்கு. ஒவ்வொரு மட்டையும் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி தண்ணிய புடிச்சு வச்சுக்கும், ரொம்ப வருஷம் அழுகாமயும் இருக்கும். ஏரி வண்டல் கெடைச்சா ரெண்டு மூட்டை மேல தூவி விடுங்க. ஒரே வருஷத்துல வட்டம் முழுக்க தோண்டாம பாதி வட்டம் இந்த வருஷம், பாதி அடுத்த வருஷம்னு போங்க, வேரு ஒரேயடியா அறுபடாது.

கடல் காத்துல உப்பு வரும். அதனால மரத்தடி அழகுக்கு ரோஜா, குரோட்டன்ஸ்னு வாங்கி வச்சுட்டு கருகுதேன்னு கவலைப்படாதீங்க. கடல் பக்கமா ஒரு வரிசை பூவரசு, புன்னை, சவுக்குன்னு வச்சு காத்த தடுத்துட்டு அதுக்குப் பின்னாடிதான் மத்ததெல்லாம். புன்னை மெதுவாத்தான் வளரும், ஆனா உப்புக் காத்துக்கு அது மாதிரி ஒரு மரம் இல்ல.

போர் தண்ணி உப்பா இருந்தா? தென்னை தாங்கும், மா தாங்காது, இலை ஓரம் கருகும். வாரம் ஒரு தடவ நல்ல தண்ணி நெறைய விட்டு உப்ப கீழ தள்ளி விடுங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சா உப்பு மேலயே தங்கிடும்.

எங்களுது பண்ருட்டி பக்கம் செம்மண், மழை பேஞ்சா மண்ணு எல்லாம் ஓடிடுது, வேரு வெளிய தெரியுது

செம்மண்ல தண்ணி நல்லா எறங்கும், ஆனா மேல் மண்ணு வெயில்ல இறுகிக்கிட்டா முதல் மழை எறங்காம வழிஞ்சு ஓடும், ஓடும்போது மண்ணையும் இழுத்துட்டுப் போகும். சரிவோட கீழ்ப்பக்கமா பிறை மாதிரி ஒரு வரப்பு, முக்கால் அடி உயரம் போதும், மரத்துலேருந்து நாலஞ்சு அடி தள்ளி. மேல்பக்கம் தொறந்தே இருக்கட்டும், தண்ணி உள்ள வரணும்ல. ஆரோவில்ல 1968ல ஆரம்பிச்சப்போ அந்த மேடு பூராவும் மழை அரிச்ச மொட்டைச் செம்மண்ணாத்தான் கெடந்துச்சு, அவங்க முதல்ல பண்ணதே வரப்புதான், தண்ணிய அங்கங்க நிறுத்துனாங்க, அதுக்கப்புறம்தான் மரமே புடிச்சுது. இப்ப காடா இருக்கு.

வெளிய தெரியற வேர மண்ணு போட்டு மூடலாமான்னா, மெல்லிசா போடலாம், ரெண்டு அங்குலத்துக்கு மேல போகாம, மேல சருகு. முந்திரிச் சருகு அருமையான மூடாக்கு, லேசுல மக்காது, அதனால நாள்பட நிக்கும். ஆனா அதே காரணத்தால வெயில் காலத்துல தீ புடிக்கும், வீட்டுச் சுவரு ஒட்டி குவிக்காதீங்க, பீடி சிகரெட்டு ஆளுங்க வேலைக்கு வந்தா ஒரு கண்ணு வச்சுக்கங்க. கரையான் வருதுன்னு சொல்வாங்க. வரும், காஞ்ச சருகத் திங்கத்தான் வருது. அடிமரத்த ஒட்டிப் போடாம இருந்தா பெருசா தொந்தரவு இல்ல.

பண்ருட்டிலேருந்து பலா ஒட்டுக்கன்னு வாங்கி வந்து சிதம்பரத்துல வச்சோம், மூணு வருஷம் நல்லா வந்துச்சு, மழைக்கு அப்புறம் வாடிப் போச்சு. ஏன்?

தண்ணி நின்னிருக்கும். பலாவுக்கு அதான் ஆகாது, வேரு நாலஞ்சு நாள் தண்ணில மூச்சு முட்டினா போதும். பண்ருட்டில பலா அவ்ளோ நல்லா வர்றதுக்குக் காரணமே அந்த மேட்டுச் செம்மண்ல தண்ணி வடிஞ்சுடுது, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், நம்ம பாகூர் எல்லாம் நெல்லு வெளையற களிமண்ணு, தண்ணி நிக்கறதுதான் அந்த மண்ணோட பெருமையே. பலாவுக்கு அது ஒத்து வராது.

அங்க பலாவோ மாவோ வேணும்னா ரெண்டடி உயரத்துக்கு, எட்டடி பத்தடி அகலத்துக்கு மேடு போட்டு அதோட தலையில வைங்க. மேட்டச் சுத்தி ஒரு வாய்க்கால், அது தெருச் சாக்கடைக்கோ தோட்டக் கோடிக்கோ வடியணும். பாத்தி கட்டுறதுங்கறது வெயில் காலத்துக்கு மட்டும், ஐப்பசி பொறந்தவுடனே பாத்திக் கரைய ஒரு பக்கம் வெட்டி விட்டுடணும். நெறைய பேர் இத மறந்துடுறாங்க. மேடு எல்லாம் முடியாதுன்னா நாவல், நீர்மருது, பூவரசு, புங்கன், தென்னை இதுக்குள்ள முடிச்சுக்கங்க, பலாச்சுளை கடையில வாங்கித் தின்னுக்கலாம்.

களிமண்ணுக்கு இன்னொரு கொணம், காஞ்சா வெடிக்கும். வெடிப்புல வேரு அறுபடும். கோடைல வைக்கோல், உமி எதாவது மூடி வைங்க. உமி தனியா போட்டா காத்துல பறக்கும், கொஞ்சம் எரு கலந்து போடுங்க.

தெருவ மூணு தடவ உயர்த்திட்டாங்க, வீட்டுக்குள்ள தண்ணி வருது. மனைக்கு மூணடி மண்ணு அடிக்கப்போறோம். அப்பா வச்ச வேப்பமரம் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

ஆகும். கடலூர்லயும் பாண்டிலயும் எனக்கு அதிகமா வர்ற போன் இதுதான், அதுவும் மண்ணு அடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு. 2015 வெள்ளம், அப்புறம் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல பாண்டில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணைல தண்ணி பெருகி கடலூர்ல ஏறுச்சு, அதுக்கப்புறம் மனைய உசத்துறவங்க கூடிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, வீட்டுல தண்ணி வந்தா என்னதான் பண்ணுவாங்க.

மரத்துக்கு என்ன நடக்குதுன்னா, தண்ணியும் சத்தும் உறிஞ்சற மெல்லிசு வேரு எல்லாம் மேல ஒன்றரை அடிக்குள்ளதான் இருக்கு, ஆணிவேரு பாதாளத்துக்குப் போவுதுன்னு நாம நெனச்சுக்கறோம். கிளை விரிஞ்ச அளவத் தாண்டியும் அந்த வேரு பரவியிருக்கும். அது மேல மூணடி சவுடு மண்ணு கொட்டி ஜேசிபி ஓட்டி இறுக்கினா வேருக்குக் காத்து போவாது. உடனே ஒண்ணும் தெரியாது, அடுத்த பங்குனில வழக்கம்போல துளிர்க்கும், பாத்தீங்களா ஒண்ணும் ஆகலன்னு சொல்வாங்க. ரெண்டாவது மூணாவது வருஷம் உச்சிக் கிளை காயும். அப்ப மருந்தடிக்கக் கூப்புடுவாங்க. மருந்துக்கு அங்க வேலை இல்ல.

என்ன பண்ணலாம்னா, மண்ணு அடிக்கறதுக்கு முன்னாடியே மரத்தச் சுத்தி உறை மாதிரி ஒரு சுத்துச் சுவரு, அடிமரத்துலேருந்து நாலடியாவது தள்ளி, எடம் இருந்தா இன்னும் தள்ளி. கல்லுக்கு நடுவுல பூச்சு இல்லாம இடைவெளி விட்டு அடுக்கினா நல்லது, செம்பூராங்கல் அதுக்கு அருமையா இருக்கும். உள்ள பழைய தரை அப்படியே இருக்கணும். அடியில ஒரு நாலங்குல பைப்பு வச்சு வெளிய வடிகாலுக்கு விடுங்க, இல்லன்னா மழைக்கு அது குளமாகி வேற வழில மரம் சாவும். வடிய எடமே இல்லாத மனைன்னா இந்த முறை உதவாது, அத முன்னாடியே சொல்லிடுறேன். அப்படிப்பட்ட எடத்துல வீடு பக்கம் மட்டும் உசத்திட்டு மரம் நிக்கிற மூலைய பழைய மட்டத்துலயே விட்டுடலாம், ரெண்டுக்கும் நடுவுல நாலு படி. பாக்கவும் நல்லாத்தான் இருக்கும்.

கொத்தனார் கிட்ட கண்டிப்பா சொல்ல வேண்டியது: சிமெண்டு கலவை கழுவுன தண்ணிய மரத்தடியில ஊத்தக்கூடாது, உடைஞ்ச செங்கல் பெயிண்டு டப்பா எல்லாம் அங்க கொட்டக்கூடாது. சொன்னாலும் கொட்டுவாங்க, கயிறு கட்டி விடுங்க.

வீட்டு முன்னாடி முழுசா பேவர் பிளாக் போடறோம், மரத்துக்கு எவ்ளோ விடணும்?

டெல்லில மரத்தடி சிமெண்ட உடைக்கச் சொல்லி 2013ல பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டப்போ ஒரு மீட்டர் சுத்தி விடணும்னாங்க. அது குறைஞ்சபட்சம். மூணடி விட்டா மரம் பொழைக்கும், அஞ்சடி விட்டா வளரும். மரம் தடிக்கும்ங்கறத யாரும் யோசிக்கறதில்ல, இன்னிக்கு ஒரு ஜாண் இருக்கற புங்கன் பத்து வருஷத்துல கல்லத் தூக்கிடும், அப்புறம் மரத்தத் திட்டுவீங்க.

பாண்டி வெள்ளைக்காரத் தெருப் பக்கம் எடம் குறுகல், அங்க சிலர் வார்ப்பிரும்பு ஜல்லடை மாதிரி தட்டு கேக்கறாங்க, பாரிஸ்ல இருக்கற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு வந்து. பாரிஸ்ல 19ஆம் நூற்றாண்டுலயே பெரிய சாலை மரங்களுக்கு அந்த இரும்புத் தட்டு போட்டாங்க, ஜனங்க மேல நடந்தாலும் மண்ணு இறுகாது, தண்ணியும் எறங்கும். நல்ல யோசனைதான், ஆனா கடல் காத்துல இங்க இரும்பு துருவும், மரம் தடிக்கும்போது உள்வட்டத்த வெட்டி எடுக்கற மாதிரி தட்டு வேணும். அந்தச் செலவுக்கு நான் சாதாரணமா சொல்றது, வட்டத்துல முக்கா அங்குல ஜல்லி ரெண்டு அங்குலம், அவ்ளோதான். வெள்ளைக் கூழாங்கல்லு வேணாம், மே மாச வெயில திருப்பி அடிச்சு கீழ்க் கிளைய வேக வைக்கும், ஆறு மாசத்துல பாசி புடிச்சு கலரும் போயிடும்.

பேவர் பிளாக்குக்கு அடியில சிமெண்டு காங்கிரீட் போட்டுட்டு 'தண்ணி எறங்கும் சார்'னு சொல்றவங்கள நம்பாதீங்க. மணல் படுக்கை மட்டும்னா எறங்கும்.

வேப்பமரத்தடியில உக்கார மேடை கட்டலாமா? ஊர்ல எல்லா கோயில்லயும் கட்டியிருக்காங்களே

கோயில் அரசமரத்து மேடை பெரும்பாலும் ரொம்ப வருஷம் முன்னாடி சுண்ணாம்புல கட்டினது, உள்ள மண்ணு, மரமும் அதோடவே வளந்துச்சு. அரசு சுவத்துலயே மொளைக்கற ஜாதி, அதோட கணக்கு வேற. வேம்பு, மா எல்லாம் அப்படி இல்ல. நீங்க இப்ப கட்டினா, அடிமரத்த ஒட்டி மண்ணு நெரப்பாம சுத்தி சும்மா காத்து விட்டு, நாலு தூண் மேல கடப்பாக்கல்லு வச்சு பெஞ்சு மாதிரி செஞ்சுக்கங்க. தூணுக்கு நாலே எடத்துல குழி, பெரிய வேரு வந்தா குழிய நகர்த்துங்க, வேர வெட்டாதீங்க. சாமி வைக்கிற மேடைன்னா அது உங்க வீட்டுப் பெரியவங்க முடிவு, எண்ணெயும் மஞ்சத் தண்ணியும் மரத்து மேல ஊத்தாம பீடத்துல ஊத்தச் சொல்லுங்க.

புயலுக்கு விழாம இருக்க மரத்தடியில என்ன செய்யணும்?

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலைல கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சு, பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் கொல்லை கொல்லையா சாஞ்சுது, அத பாத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவ்ளோ காத்துக்கு எந்த மரமும் விழும். ஆனா சாதாரணப் புயலுக்கே விழுற வீட்டு மரத்துல பாதிக்கு காரணம் தரையில நாம பண்ண வேலைதான்: காம்பவுண்டு சுவருக்கு அஸ்திவாரம் எடுக்கும்போது ஒரு பக்க வேரு பூரா போச்சு, இல்ல பைப்பு லைனுக்கு வாய்க்கால் வெட்டினாங்க, இல்ல சிமெண்டுக்கு நடுவுல ரெண்டடி குழிலயே மரம் வாழ்ந்துச்சு. காத்து ஒரே பக்கமா அடிக்காது, புயல் கடக்கறதுக்கு முன்னாடி ஒரு திசை, கடந்தப்புறம் வேற திசை, எந்தப் பக்க வேரு இல்லையோ அது மாட்டிக்கும்.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காரங்க பல புயலுக்கு அப்புறம் விழுந்தது நின்னதெல்லாம் கணக்கெடுத்தாங்க. வேருக்கு எடம் அதிகமா இருந்த மரமும் கூட்டமா நின்ன மரமும் தனி மரத்தவிட நல்லா தாங்குச்சுன்னு தெரிஞ்சுது. அது அவங்க ஊரு ஓக்குக்கும் பனைக்கும் பாத்த கணக்கு, ஆனா இது நமக்கும் பொருந்தும்னு நெனக்கிறேன், முற்றத்து நடுவுல ஒத்தையா குல்மோகர் வைக்கறதுக்கு மூலையில நாலஞ்சு மரம் சேத்து வைங்க. குல்மோகர், தூங்குமூஞ்சி, முருங்கை எல்லாம் லேசா ஒடியும், வீட்டுக் கூரைக்கும் கரண்டு கம்பிக்கும் தூரமா இருக்கட்டும்.

புரட்டாசிலயே காஞ்ச கிளை, ஒண்ணோட ஒண்ணு உரசுற கிளைய எடுத்துடுங்க. மொட்டை அடிக்கக் கூடாது. மொட்டை அடிச்ச எடத்துல கொத்தா வர்ற போத்து (புதுக் கிளை) பட்டையிலதான் ஒட்டியிருக்கும், அடுத்த புயலுக்கு அதுதான் முதல்ல கிழிஞ்சு விழும். சாஞ்ச சின்ன மரத்த ரெண்டு நாளுக்குள்ள நிமுத்தினா பொழைக்கும், அது வரைக்கும் வேர ஈரச் சாக்கு போட்டு மூடி வைங்க.

சருகு தினமும் கூட்டணுமா? மாமியார் கூட்டுன்னு சொல்றாங்க, நீங்க கூட்டாதன்னு சொல்றீங்க

இதுல நான் மாட்டிக்க விரும்பல. வாசப்பக்கம் கோலம் போடற எடம், நடமாடற எடம் கூட்டுங்கம்மா, அத்தை சொல்றது சரிதான், பாம்பு, தேளு பயம் நெஜமான பயம். கூட்டினத எரிக்காம மரத்துக் கிளை விரிஞ்ச வட்டத்துக்குள்ள பரப்பி விடுங்க, வீட்டுச் சுவத்துலேருந்து ஆறடி தள்ளி. நாலு அங்குலத்துக்கு மேல குவிய விடாதீங்க, மெல்லிசா இருந்தா பாம்பு தங்காது. ரெண்டு பேரும் சமாதானம்.

தென்னை இருக்கற வீட்டுல எருக்குழிய மட்டும் தென்னைக்குப் பக்கத்துல வைக்காதீங்க, காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை போடும், அப்புறம் குருத்துல ஏறும்.

மரத்தடியில கொரியன் கிராஸ் வருமா? வேற என்ன வைக்கலாம்?

நிழல்ல கொரியன் கிராஸ் வராது, வந்தாலும் வழுக்கையா வரும். அதுக்குத் தினம் தண்ணி வேணும், வேம்புக்கு தினம் தண்ணி வேணாம், ரெண்டையும் ஒரே எடத்துல வச்சா ஒண்ணு அழும். லேசான நிழல்ல கனகாம்பரம் நல்லா பூக்கும், பாண்டி பக்கம் பூ வெல தெரியும்ல, வீட்டுக்காவது ஆகும். நந்தியாவட்டை, இட்லிப்பூ, ஆடாதொடை ஓரத்துல. மஞ்சள், சேப்பங்கிழங்கு வைக்கலாம், ஆனா தோண்டும்போது மரத்து வேரு கிழியும், அடிமரத்துலேருந்து நல்லா தள்ளி வைங்க. மஞ்சப் பூ பூக்கற வெடேலியா கொடி இலவசமா குடுப்பாங்க, வாங்காதீங்க, தோட்டத்தையே தின்னுடும். கோனோகார்பஸ் வேலி வச்சிருந்தா அதையும் யோசிங்க, குஜராத்ல 2023லயே தடை பண்ணிட்டாங்க.

நாகலிங்கம், வில்வம், தில்லை மாதிரி கோயில் மரம் வீட்டுல வைக்கலாமா?

நாகலிங்கம் பாண்டியோட மாநிலப் பூ, வில்வம் மாநில மரம், ஆசை வர்றது ஞாயம். நாகலிங்கக் காய் பீரங்கிக் குண்டு அளவுக்கு இருக்கும், சொல்லாம விழும், அதனால அடியில பெஞ்சு, கார், ஊஞ்சல் எதுவும் கூடாது, சுத்தி செடி மட்டும் வைங்க. வில்வம் முள்ளு, சின்னப் பசங்க ஓடுற எடத்துல வேணாம். பாதிரி மரத்த தாராளமா வைங்க, திருப்பாதிரிப்புலியூருக்குப் பேரே அதாலதான், பூ வாசனை அப்படி இருக்கும், கொஞ்சம் எடம் மட்டும் வேணும். தில்லை வேண்டவே வேண்டாம். பிச்சாவரம் பக்கம் உப்புச் சேத்துல வர்ற மரம் அது, பாலு கண்ணுல பட்டா கண்ணே போயிடும்.

அடிமரத்துக்கு வெள்ளை அடிக்கணுமா?

சுண்ணாம்பு அடிச்சா வெயில் வெடிப்பு கொஞ்சம் குறையும், கெடுதல் இல்ல, கட்டாயமும் இல்ல. கிளிஞ்சல் சுண்ணாம்பு கெடைச்சா அத அடிங்க. பெயிண்டு, டிஸ்டெம்பர், சிமெண்டுப் பால் வேணாம்.

மரத்துக்கு சீரியல் லைட்டு, ஊஞ்சல் கட்டலாமா?

லைட்டு கட்டுங்க, பொங்கல் முடிஞ்சதும் கழட்டிடுங்க. கம்பிய சுத்தி முறுக்கி விட்டுட்டு மறந்தா ரெண்டு மூணு வருஷத்துல பட்டைக்குள்ள போயிடும், அதுக்கு மேல இருக்கற கிளை காயும். ஆணி அடிக்காதீங்க. ஊஞ்சலுக்கு வேம்பு, புளி கிளை தாங்கும், முருங்கையும் பூவரசும் நம்ப முடியாது, கயிறுக்கு அடியில பழைய சைக்கிள் டயர் துண்டு வச்சு கட்டுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ அவுத்து எடம் மாத்துங்க. பசங்க கால் தேச்சு தேச்சு ஊஞ்சலுக்கு அடியில மண்ணு கல்லு மாதிரி இறுகிடும், அங்க மட்டும் உமியோ தேங்காநாரோ நாலு அங்குலத்துக்குக் கொட்டி வைங்க, விழுந்தாலும் முட்டி தேயாது.